மாஸ்டர் இன்னும் பொறுப்பில் இருக்கிறார்

"ஆடுனது நீ, தோத்தது நீ, நோட்டீசு மட்டும் என் ஊட்டுக் கதவுல—"

"அக்கா, நான் சொல்றத ஒரு நிமிசம்—"

"—செத்துப்போன மனுசன் பேருக்கு! கோந்து தடவி! கதவுல இருந்த மாதா படத்துல பாதி மறைஞ்சு போச்சு!"

"—நான் அப்டிச் சொல்லவே இல்லக்கா, அவங்கதான் கேட்டாங்க, நான் வந்து—"

"இன்னா கேட்டாங்க, நீ இன்னா சொன்ன? மொதல்ல அத்தச் சொல்லு."

அணியின் கேப்டன் ஜெயபால் வாயை மூடிக்கொண்டான். அதுவரை இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் அவனுக்கு ஒரு வசதி இருந்தது. இப்போது அது போய்விட்டது.

செலின் கையில் ஈரத்துணி இருந்தது. அரை மணி நேரமாகத் தேய்த்தும் நோட்டீசில் ஒரு மூலைதான் கிழிந்திருந்தது. மிச்சத்தைத் தெளிவாகவே படிக்க முடிந்தது. பூப்பந்துப் பயிற்சியாளர் இக்னேஷியஸ், கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அணி தோற்றதற்கான விளக்கத்தை நேரில் வந்து அளிக்க வேண்டும். வராவிட்டால் அவரிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதப்படும்.

செலினின் கணவர் இக்னேஷியஸ் ஜூலையில் இறந்துபோனார். சாயந்திரம் பயிற்சி முடித்து வந்து, கைகால் கழுவி, காபி கேட்டார். காபி வருவதற்குள் போய்விட்டார். இறுதி ஆட்டம் நடந்தது செப்டம்பரில். இந்த இரண்டு செய்திகளும் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். நோட்டீசில் கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும். அடக்கத்துக்கு மலர்வளையம் கொண்டுவந்தவரே அவர்தான்.

"சொல்றா."

"கடைசி கேம்ல ரெண்டு பக்கமும் சமமா நிக்கிதுக்கா. பந்து என் தலைக்கு மேல வருது. நான் பின்னால லைன்கிட்ட கீறேன். அடிக்க மட்டைய ஓங்கிட்டேன். அப்ப காதுல, 'உடுறா, அவுட்டு'ன்னு ஒரு கொரலு. உட்டுட்டேன். பந்து லைன் மேலயே வுயுந்துது."

"யாரு கொரலு?"

"மாஸ்டர் கொரலுதாங்க்கா. சத்தியமா. விசாரணைக் குழுவுல கேட்டாங்க, 'யார் சொல்லி விட்டே?'ன்னு. நான் பயந்துகினு இருந்தேனா, வாயில உண்மை வந்துடுச்சு."

செலின் ஈரத்துணியைப் பிழிந்தாள்.

"கண்ணாடி இங்க அலமாரியில கீதுடா," என்றாள் மெதுவாக. "கண்ணாடி இல்லாம அவருக்கு லைன் எங்கடா தெரியும்?"

இருவருமே சிரிக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்தது. ராணுவக் கூடாரங்களுக்குக் கொக்கி செய்யும் வேலை. கொக்கி கோணலாகப் போனால் யாரும் கூட மாட்டார்கள். கோப்பை போனால் கூடுவார்கள். அப்படிக் கூடுவதற்குப் பெயர் பொறுப்பு நிர்ணயக் குழு. தலைவர் நலத்துறை அதிகாரி பார்த்தசாரதி. அவர் பூப்பந்து ஆடியதில்லை. அதனால் அவருடைய நடுநிலைமையை யாரும் சந்தேகிக்க முடியாது.

முதல் வருஷம் தோற்றபோது, தவறு காற்றின் மேல் என்று முடிவானது. பூப்பந்து கம்பளி நூல் பந்து, லேசானது. கொரட்டூர் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று அதைத் தள்ளிவிட்டதாகவும், காற்று தொழிற்சாலையின் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் குழு எழுதியது. மேலிடம் அதை ரசிக்கவில்லை. அடுத்த வருஷம் தவறு ஆட்டக்காரர்கள் மேல். விளையாட்டுக்காக வேலையில் சேர்ந்து நிரந்தரம் ஆகாத இரண்டு பையன்கள் வீட்டுக்குப் போனார்கள். ஒருவன் இப்போது பூந்தமல்லியில் சோடாக் கடையில் நிற்கிறான். மூன்றாம் வருஷம் குழு கூடிய உடனே இக்னேஷியஸ் எழுந்து, "என் தப்பு சார். பசங்கள உட்ருங்க," என்றார். குழு திகைத்துப்போனது. பொறுப்பு என்பது தானாக நடந்து வந்து நிற்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. அவரைக் கண்டித்துவிட்டு அன்று சீக்கிரமே கலைந்தார்கள்.

பயிற்சியாளர், ஆட்டக்காரர் இருவர் மேலும் தவறு இருக்கக் கூடாதா என்று ஒரு புது உறுப்பினர் கேட்டாராம். பார்த்தசாரதி விளக்கினார்: "பயிற்சியாளர் தப்புன்னா ஆட்டக்காரர் நல்லவர். ஆட்டக்காரர் தப்புன்னா பயிற்சியாளர் நல்லவர். ரெண்டு பேருமே தப்புன்னா, ரெண்டு பேரையும் தேர்ந்தெடுத்தவர் தப்பு. தேர்ந்தெடுத்தது இந்தக் குழு. ஆகவே அப்படி நடக்க வாய்ப்பில்லை."

புது உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

மறுநாள் செலின் பார்த்தசாரதியைப் பார்க்கப் போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். மரியாதையான மனிதர்.

"சார், அவரு செத்துட்டாரு சார்."

"தெரியும்மா. ரொம்ப வருத்தம். சம்பளப் பிரிவு அன்னிக்கு சாயங்காலமே அதை ஒத்துக்கிட்டாங்க. ஆனா விளையாட்டுப் பிரிவுல அவர் இன்னும் பொறுப்பை ஒப்படைக்கலையே."

"இன்னா ஒப்படைக்கணும்?"

"மட்டை எல்லாம் வந்துடுச்சு. வலை வந்துடுச்சு. விசில் வரலை. விசில் யார்கிட்ட இருக்கோ அவர்தான் பயிற்சியாளர். விதி அப்படி."

செலினுக்கு விசில் எங்கே என்று தெரியும். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்பு ஜெயபால் அழுதுகொண்டே வந்து, அவர் கழுத்தில் எப்போதும் தொங்கிய அந்த விசிலை, நீலக் கயிறோடு, மடித்திருந்த கைகளுக்கு இடையில் ஜெபமாலையின் பக்கத்தில் வைத்தான். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். மலர்வளையத்தோடு நின்ற பார்த்தசாரதியும் அழுதார். அது தொழிற்சாலைச் சொத்து என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"அத்த எப்டி சார் எடுக்கறது? மண்ணுக்குள்ள கீது."

"நாங்க எடுக்கச் சொல்லலையேம்மா. அவர்கிட்ட இருக்குன்னுதான் சொல்றோம். அதோட, இறுதி ஆட்டத்துல அவர் உத்தரவு கொடுத்திருக்கார். கேப்டனே சாட்சி."

"பேயி சொன்னத நம்புறீங்களா சார்?"

பார்த்தசாரதி புண்பட்டவர்போலப் பார்த்தார். "பேய் உண்டா இல்லையான்னு குழு பார்க்கலைம்மா. அது எங்க வரம்புல வராது. பயிற்சியாளர் மைதானத்துல இருந்தாரா, ஆட்டத்தைப் பத்திச் சொன்னாரா, அது மட்டும்தான் வரும்."

அப்போதுதான் செலின் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"சார், செத்தவங்க ஊட்டுக்கு ஒரு தபாவாச்சும் வந்து போவாங்கம்பாங்க. கனவுலயாச்சும். இவரு வரல. ஜூலையிலேர்ந்து ஒரு நாள் கூட வரல. சாயந்திர லோக்கல் ரயிலு போனதும் கிரவுண்டுலதான் விசில் சத்தம் கேக்குது. அவரு அங்கயே நின்னுகினு கீறாரு சார். முப்பதாம் நாள் பூசை வெச்சேன். அப்பவும் கேட்டுது. அவர உட்ருங்க சார். அவரு போவட்டும்."

விசில் சத்தம் குவார்ட்டர்ஸில் பலருக்கும் கேட்டதுதான். காவலாளியின் விசில் என்றார்கள் சிலர். ரயில் கார்டின் விசில் என்றார் காவலாளி. ரயில்வேக்காரர்களை யாரும் கேட்கவில்லை.

பார்த்தசாரதி தலையாட்டினார். "என்ன ஒரு கடமை உணர்ச்சி! இதை நான் குழுவுல கண்டிப்பா பதிவு பண்றேன். விடுவிக்கறதுக்கு வழி இருக்கும்மா. பொறுப்பு யாரோடதுன்னு முடிவாயிட்டா விடுவிச்சுடலாம். அவர் தப்புன்னா அவரோட முடிஞ்சுது. இல்லை, ஆட்டக்காரங்க தப்புன்னா..."

அவர் முடிக்கவில்லை. ஐந்து ஆட்டக்காரர்களும் நிரந்தரம் ஆகாதவர்கள். ஜெயபாலுக்கு நூம்பலில் அம்மாவும், கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

இரண்டாவது நோட்டீசைக் குமாஸ்தா பரந்தாமன் நேரிலேயே கொண்டுவந்தார். செலின் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சார் இருக்காராம்மா?"

"அவரு இங்க இல்ல. கல்லறைத் தோட்டத்துல கீறாரு. அங்க போய்க் குடு!"

கோபத்தில் சொன்னதுதான். பரந்தாமன் கோபத்தைக் குறித்துக்கொள்ளவில்லை, முகவரியை மட்டும் குறித்துக்கொண்டார். நோட்டீஸ் பெறுபவர் தற்போது தங்கியிருக்கும் இடத்தில்தான் தரப்பட வேண்டும் என்று விதி இருந்தது. இடம் மாறியதை இவ்வளவு நாள் தெரிவிக்காதது தவறு என்றாலும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று பார்த்தசாரதி சொல்லிவிட்டார்.

கல்லறைத் திருநாள் அன்று தோட்டம் முழுக்க ஜனம். சமாதிகளைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, வரிசை வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. புகையும் பூ வாசனையும் தரையோடு தவழ்ந்தன. சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பரந்தாமனும் இரண்டு சாட்சிகளும் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார்கள்.

"இதாம்மா, கிடைச்சிடுச்சு," என்றார் பரந்தாமன், செலினைப் பார்த்துச் சந்தோஷமாக.

"இன்னாய்யா பண்ற?"

"ஒட்டக் கூடாதும்மா, பூவெல்லாம் இருக்கு. படிச்சுக் காட்டிட்டாலும் போதும்னு சொல்லியிருக்கார்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லறையின் தலைப்பக்கம் நின்றார். மெழுகு வெளிச்சத்தில் குனிந்து, நல்ல உச்சரிப்போடு நிறுத்தி நிறுத்திப் படித்தார். "தாங்கள்... களத்தில் பிறப்பித்த உத்தரவின் விளைவாக... நேர்ந்த இழப்புக்கு... தாங்களே விளக்கமளிக்க... இதன்மூலம் அழைக்கப்படுகிறீர்கள்."

சுற்றி நின்றவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆமென்," என்றார்கள்.

பரந்தாமன் திகைத்தார். பிறகு, பெறுபவர் தரப்பில் ஒப்புதல் கிடைத்தது என்று சாட்சிகளிடம் சொன்னார். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். காற்று அசையவே இல்லை. ஆனாலும் இக்னேஷியஸின் கல்லறை மேலிருந்த மெழுகுவர்த்திகள் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எரிந்தன, மைதானம் இருக்கும் பக்கமாக. அதைப் பார்த்தது செலின் ஒருத்திதான். அவள் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை.

விசாரணைக்கு ஒரு நாற்காலி காலியாகப் போட்டிருந்தார்கள். மின்விசிறி அதன்மேல் நேராகச் சுற்றும்படி பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் டீ வந்தபோது அந்த நாற்காலி முன்னாலும் ஒரு கிளாஸ் வைக்கப்பட்டது. விசாரணைக்கு வருபவருக்கு டீ உண்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு. குழு அதில் பாரபட்சம் பார்ப்பதில்லை.

ஐந்து ஆட்டக்காரர்களும் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். யாரும் நாற்காலியைப் பார்க்கவில்லை.

"அவருக்குப் பதிலா பேச, மனைவிங்கற முறையில உங்களை அனுமதிக்கிறோம்," என்றார் பார்த்தசாரதி. "முதல் கேள்வி. பந்து லைன்ல விழுந்தது. பயிற்சியாளர் வெளியேன்னு சொன்னார். ஏன்?"

"கண்ணாடி இல்ல சார் அவர்கிட்ட."

குழுவில் சலசலப்பு. "கண்ணாடி இல்லாம வேலைக்கு வந்தாரா?"

"பெட்டியில விசில வெச்சாங்க, கண்ணாடிய வெக்கல. நான்தான் மறந்துட்டேன்."

"கண்ணாடி தொழிற்சாலை கொடுத்ததா?"

"அவரோடதுதான் சார்."

"அப்ப நம்ம வரம்புல வராது," என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் நிம்மதியாக டீயை எடுத்தார்கள்.

"கடைசிக் கேள்வி," என்றார் பார்த்தசாரதி. நாற்காலியைப் பார்த்து அல்ல, அதற்குச் சற்று மேலே பார்த்துக் கேட்டார். "இந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு? பயிற்சியாளரா, ஆட்டக்காரரா? என்ன சொல்றார்?"

செலின் நாற்காலியைப் பார்த்தாள். டீயின்மேல் ஆடை படிந்திருந்தது. வெளியே கூட்ஸ் வண்டி போனது. அந்த ஆடை நடுங்கிச் சுருங்கியது, யாரோ ஊதியதுபோல. அவர் எப்போதும் ஊதித்தான் குடிப்பார். சுவரோரமாக ஜெயபால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பூந்தமல்லி சோடாக் கடைப் பையனின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவன் போன அன்று இக்னேஷியஸ் சாப்பிடவில்லை.

"என் தப்புன்னு சொல்றாரு சார்," என்றாள். "பசங்கள உட்டுடச் சொல்றாரு. போன தபா சொன்னாரே, அதேதான்."

"எழுதிக்கோங்க," என்றார் பார்த்தசாரதி. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயபால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

படியிறங்கும்போது செலினுக்குக் கால் லேசாக இருந்தது. அன்று ராத்திரி வாசல் விளக்கை அணைக்காமல் படுத்தாள். அவர் ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. முடிவை இன்னும் முறைப்படி அறிவிக்கவில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அறிவிப்பு அந்த வாரமே மைதானத்தில் நடந்தது. ஷாமியானா போட்டு, மைக் கட்டி, இக்னேஷியஸின் படத்தை நாற்காலியில் வைத்து ரோஜா மாலை போட்டிருந்தார்கள். செலினை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பார்த்தசாரதி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நண்பர்களே! எத்தனையோ பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறோம். தோற்றால் ஆட்டக்காரரைக் குறை சொல்வார்கள். அதையும் மீறினால் நிர்வாகத்தையே குறை சொல்வார்கள். இக்னேஷியஸ் அப்படியில்லை. இறந்த பிறகு அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பதவி உயர்வு கேட்கவில்லை. நம்மை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குழு கேட்டதும் தவறை ஒப்புக்கொண்டார். இப்படி ஒருவரைத்தான் இந்தக் குழு இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது!"

கைதட்டல்.

"தவறு அவருடையது. அதில் சந்தேகமில்லை. ஆனால் தவறு செய்தவரை அப்படியே கைவிடுவது நம் பண்பாடு அல்ல. அவருக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறோம். கோப்பையை மீட்டுத் தரும்வரை அவரே பயிற்சியாளராகத் தொடர்வார். மீட்டுத் தந்த அன்றைக்கே முழு மரியாதையோடு விடுவிப்போம்!"

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. செலின் எழுந்து நின்றாள். அவள் நெகிழ்ந்துபோய் எழுந்ததாக நினைத்து மற்றவர்களும் எழுந்து நின்றார்கள்.

"சார்! அவர உட்டுடறேன்னு சொன்னீங்களே சார்!"

"விடுவோம்மா," என்றார் பார்த்தசாரதி, மைக்கிலேயே, கனிவாக. "ஜெயிச்சதும்."

கூட்டம் கலைந்தது. ஷாமியானாவைப் பிரித்தார்கள். நாற்காலியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று உத்தரவு. அது மைதானத்தின் ஓரத்திலேயே, கோட்டுக்கு நேராக இருந்தது. படத்திலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன.

வலை கட்டும் கம்பத்துக்குப் பின்னால் ஆட்டக்காரர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். செலின் வந்து நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"மாமே, இனிமே நம்பளுக்கு இன்னா கவலை?" என்றான் குணசேகரன், முன்வரிசையில் ஆடுகிறவன். "தோத்தா மாஸ்டர் தப்பு. எத்தினி தபா தோத்தாலும் மாஸ்டர் தப்பு. ஜெயிச்சாதான் வம்பு."

"டேய், சும்மா இரு," என்றான் ஜெயபால்.

"இன்னா சும்மா இரு? யோசிச்சுப் பாரு. ஜெயிச்சா அவர அனுப்பிடுவாங்க. அப்பால தோத்தா யார் தலை உருளும்? நீ நூம்பலு, நான் திருமுல்லைவாயிலு, மூட்டைய கட்டிகினு போவ வேண்டியதுதான். அவரு கீற வரைக்கும் நம்ப வேலைக்கு ஒண்ணும் ஆவாது. கடைசி வரைக்கும் காப்பாத்தறாரு பாரு மாஸ்டரு. தெய்வம்யா அவரு."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவன் நாற்காலிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

பிறகுதான் அவர்கள் செலினைப் பார்த்தார்கள். குணசேகரன் மட்டையின் நரம்பைச் சரிபார்க்கத் தொடங்கினான். ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள். ஜெயபால் மட்டும் நின்றான்.

சாயந்திர லோக்கல் கடந்துபோனது. அதன் சத்தம் அடங்கியதும் மைதானத்தில் விசில் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. யாரும் திடுக்கிடவில்லை. நான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். பின்வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. பந்து வலைக்கு மேலே எழும்பியது. அந்த மங்கலில் மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது.

"அவன் வெளயாட்டுக்குச் சொல்றான்க்கா," என்றான் ஜெயபால். "மனசுல வெச்சுக்காத. அவனுக்கு வாய்தான் ஜாஸ்தி."

செலின் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"நாளிக்கி அந்தக் கண்ணாடிய எடுத்தாந்து குடுக்கா. நாற்காலியில வெக்கறேன். அவருக்கு லைன் நல்லா தெரியும்."

விசில் மறுபடி கேட்டது. இந்த முறை குட்டையாக, அவசரமாக. தாமதமாக வருபவனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஜெயபால் மட்டையை இடது கைக்கு மாற்றி, உள்ளங்கை வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"கூப்பிடறாருக்கா. போவணும்."

அவன் இரண்டு எட்டு வைத்தான். செலின் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தினாள். அவன் திரும்பவில்லை. அவளுடைய குரலில் முதல் நோட்டீஸ் வந்த அன்றிருந்த சண்டை எதுவும் இல்லை.

"அடுத்த வருசம் ஜெயிப்பியாடா, ஜெயபாலு?"